அடிப்பக்கத்துச் சேலைகள்

துவைத்துப் போட்ட துண்டு நான்காவது நாளும் ஈரமாகவே இருக்கும் ஊர் ஒன்று உண்டு என்று வடகரப்பதியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஊரில் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில், கொடியில் கடைசித் துணியைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முதலில் போட்டது மொடமொடவென்று காய்ந்து நிற்கும். கிளிப் போட மறந்தால் பக்கத்துத் தென்னந்தோப்பில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். சாந்தன்பாறைக்கு வந்த முதல் ஆனி மாதம், துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான்காவது நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு துண்டுக்காக நாற்பது வயதுப் பெண்பிள்ளை அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். கடல் தாண்டவில்லை. பாஸ்போர்ட் கிடையாது. மாநிலம்கூட மாறவில்லை; பாலக்காட்டு ஓரத்திலிருந்து இடுக்கி மலைக்கு, இரண்டும் கேரளம்தான். காலையில் வேலந்தாவளத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று மாறி மாறி உட்கார்ந்தால் பொழுது சாயும் நேரத்துக்கு இங்கே வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் துபாயிலும் கனடாவிலும் இருக்கிற என் சொந்தக்காரர்கள் போனில் சொல்லும் சங்கடங்களைக் கேட்கும்போதெல்லாம் இது நம் கதையாக அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவர்களையாவது போகும்போது ஊரே வந்து வழியனுப்பியது. எங்களை யார் வழியனுப்புவார்கள்? போர்வெல் போட்டுப் போட்டும் தண்ணீர் வராமல் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மேற்பார்வை வேலைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். மகளைக் கோவையில் விடுதியில் சேர்த்துவிட்டு நானும் பின்னாலேயே வந்தேன்.

ஸ்டோரை ஒட்டினாற்போல் எங்களுக்கு ஒரு வீடு. தொழிலாளர்கள் இருக்கும் லயம் இன்னும் கீழே, சரிவில். சுற்றிலும் ஏலச்செடி, மரம், மஞ்சு. வீட்டுக்காரர் அடுப்புச் சூட்டைப் பார்க்கவும் காயைப் புரட்டவும் ஆட்களை ஏவவும் என்று அங்கேயே கிடப்பார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. லயத்தில் எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் அது தெற்கத்தித் தமிழ். நான் வாயைத் திறந்து "ஏனுங்க" என்றால் தண்ணிக் குழாயடியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கடையில் மலையாளம். எனக்குத் தெரிந்த மலையாளம் வில்லேஜ் ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் பழகியது. அதில் மனசுவிட்டுப் பேச முடியாது. இங்கே எனக்குப் 'பாலக்காட்டம்மா' என்று பெயர். ஊருக்குப் போனால் 'மலைக்காரி வந்துட்டா' என்கிறார்கள்.

போர்வை தைக்க ஆரம்பித்தது குளிருக்காக இல்லை. கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பதைப் பார்த்தேன். அவளிடம் உருளும் கத்தி இருந்தது, கோடு போட்ட பாய் இருந்தது, அறையளவு சட்டம் இருந்தது. நான் என் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சதுரமாக வெட்டி அளவுக்கு வைத்துக்கொண்டேன். கரைந்துபோன சோப்புத் துண்டால் கோடு போட்டேன். நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு. குண்டூசிக்குப் பதில் வளையலிலும் தாலிச் சரட்டிலும் மாட்டியிருந்த ஊக்குகள். நடுவில் வைக்க, ஊரிலிருந்து சாமான் சுற்றிக் கொண்டுவந்த பழைய கம்பளி. மேலே துண்டுத் துணி, நடுவே கம்பளி, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத்தையல் போட வேண்டும். கையால் தைத்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும் என்றுதானே ஆரம்பித்ததே.

மேல்பக்கத்துக்கு என் பழைய சேலைகளை வெட்டினேன். போதவில்லை. பூப்பாறையில் ஒரு தையல்காரரிடம் போய், வெட்டிப் போட்ட துணிகள் இருந்தால் வேண்டும் என்றேன். அவர் மலையாளத்தில், "சவிட்டிக்காணோ?" என்றார். என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. விளக்கம் கேட்க வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் கனத்த பேன்ட் துணி வெட்டுகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருப்பார், நல்ல மனுஷன். சவிட்டி என்றால் கால்மிதி என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் என் வீட்டில் ஊசி இறங்காத துணி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. அவரிடம் திருத்திச் சொல்லவும் இல்லை. அவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது?

பேச்சியம்மாள் என் வாசலுக்கு வந்தது அந்த ஆவணியில். காய் எடுக்கும் பெண்கள் சாயங்காலம் ஸ்டோரில் எடை போட வருவார்கள். அன்று மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஸ்டோர் கூரைக்கடியில் நெருக்கிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் என் வாசல் ஓரமாக ஒதுங்கினார். ஐம்பத்தேழு வயதிருக்கும். இடுப்பில் சாக்குக் கட்டி, தலையில் பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தார். நான் மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அடக்க முடியாமல் கேட்டார்.

"என்ன தாயி, நல்ல சேலையத் துண்டு துண்டா வெட்டிட்டு மறுபடியும் ஒட்டுதீக? வெட்டாமயே போத்திக்கிடலாம்லா?"

"சும்மா இருக்க முடியலீங்க்கா" என்றேன்.

"அது சரி. சும்மா இருக்கதுதான் பெரிய பாடு" என்று சொல்லி, உரிமையோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு எடை போட்டுவிட்டு லயத்துக்கு இறங்குமுன் அரைமணி நேரம் அவர் என் படியில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. கட்டன்காப்பி போட்டுக் கொடுப்பேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் எந்த டம்ளரில் கொடுப்பது என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று தனியாக டம்ளர் உண்டு. அது தப்பா சரியா என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை, அது பாட்டுக்கு இருந்தது. இங்கே எங்களிடம் இருந்ததே நான்கு டம்ளர். அதில் ஒன்றில் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததைப் பெரிய காரியமாக மனசுக்குள் நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் சாந்தன்பாறையிலேயே பிறந்தவர். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டியவராம். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நான் ஊர்க் கதை சொல்வேன், அவர் அட்டை கடித்த கதை சொல்வார். ஒருநாள் என் பேச்சை அப்படியே பிடித்து, "வந்தேனுங்க, போனேனுங்க" என்று நீட்டிச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். இந்த ஊருக்கு வந்து நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் என் காது தானாகவே பாதைப் பக்கம் போய்விடும்.

இன்னும் இரண்டு சேலையை வெட்டி, ஐப்பசியில் மேல்பக்கத்தை முடித்தேன். அடிக்கு முழுத் துணி இல்லை என்று சொன்னேன். மறுநாள் மூன்று பழைய நூல் சேலைகளை மடித்துக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ஒன்று வெளிர் நீலம், ஒன்று பச்சைக் கட்டம், ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை. துவைத்துத் துவைத்துக் காது மடல்போல மெத்தென்று இருந்தன.

எங்கள் பக்கம் பழைய துணிக்கு ஒரு போக்கு உண்டு. அது நம் வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து இங்கே வராது. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. சும்மா வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்துவந்து, "இத வெச்சுக்கோங்க்கா" என்று நீட்டினேன்.

பேச்சியக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பழைய துணிக்குப் பாத்திரம் போடுதவகூட இம்புட்டுப் பெருசாத் தரமாட்டாளே" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. நானும் அசடுபோலச் சிரித்தேன். வெறும் போசி. அதில் ஒரு பிடி முறுக்குப் போட்டுக் கொடுத்திருந்தாலாவது அது சீராக இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தினேனா? மறுநாள் காலை அந்த மூன்று சேலைகளையும் வெந்நீரில் மஞ்சள் கரைத்து ஊறப் போட்டேன். வெளியிலிருந்து வருகிற எதுவும் எங்கள் வீட்டில் மஞ்சள் தண்ணீர் படாமல் படுக்கைக்கு வராது. பழைய கட்டில் வாங்கினாலும் அப்படித்தான். கை பழகிய காரியம், யோசித்துச் செய்யவில்லை. பிழிந்து வாசல் கொடியில் போட்டேன். வெள்ளைச் சேலை முழுக்க மஞ்சள் திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டது. சாயங்காலம் எடை போட வந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போனார்கள்.

பேச்சியக்கா கொடிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார்.

"தீட்டா தாயி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழக்கம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இது: "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க்கா. பூச்சி கீச்சி இருக்கும்னுதான்..."

அவர் முந்தானையை விட்டார். கீழே இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலை கதவைத் திறந்தால் தாழ்ப்பாளில் தூக்குப்போசி தொங்கியது. உள்ளே ஒரு பிடி சர்க்கரை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தும் நான் வெறுமையாகக் கொடுத்தேன். அன்று என் முகத்தில் நான்கு பேர் பார்க்கக் காறித் துப்பியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அதற்குப் பிறகு பேச்சியக்கா படிக்கு வரவில்லை. எடை போட்டதும் மற்றவர்களோடு சேர்ந்து போய்விடுவார். பாதையில் பார்த்தால், "சொகமா இருக்கீகளாம்மா?" என்பார். 'தாயி' போய் 'அம்மா' மரியாதை வந்துவிட்டது. நானும் "இருக்கேனுங்க" என்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய் ஒரு வார்த்த பேசிட்டு வா புள்ள, என்ன கொறஞ்சா போயிருவ?" என்றார். இரண்டு தடவை லயம்வரை இறங்கினேன். குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்குப் போகிற மாதிரி திரும்பி வந்துவிட்டேன். முன்பாவது யாரும் இல்லாததால் தனியாக இருந்தேன். இப்போது ஒருவர் இருந்தும் இல்லாமல் இருந்தேன். இது ரொம்பக் கொடுமை.

தைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று சேலைகளையும் ஒட்டி அடித்துணியாக்கினேன். கம்பளியை விரித்து, மேலே என் துணியும் கீழே அவர் துணியுமாகப் பெருந்தையல் போட்டு நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசை வரிசையாக இறங்கினேன். மூன்று அடுக்குக்குள் ஊசி போய் வருகிறதா என்று அடியில் இடது கை விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஊசி முனை விரலில் பட்டால்தான் தையல் முழுவதும் இறங்கியது என்று அர்த்தம். மார்கழிக்குள் அந்த விரல் நுனி மரத்துப்போனது. தை கடைசியில் ஓரம் மடித்து முடித்தேன்.

மாசியில் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பேச்சியம்மாளுக்கு வயசாயிருச்சுன்னு வேலைய விட்டு நிறுத்துறாங்க. லயத்துல ஊட்டக் காலி பண்ணோணும். வர்ற வெள்ளிக்கிழம ஊருக்குப் போறாங்களாம்."

"எந்த ஊருக்குங்க?"

"சங்கரன்கோயில் பக்கம்தான். அவுங்க ஊருக்கு."

அவர் ஊர்! கோயில் கொடைக்கு நான்கைந்து தடவை போனதுதான் அந்த ஊர் என்று பேச்சியக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். இங்கே பிறந்து, இங்கே ஐம்பத்தெட்டு வருஷம் இருந்து, வீடு வேலையோடு ஒட்டியது என்பதால் வேலை போனதும் வீடும் போகிறது. நான்தான் இந்த ஊருக்குப் புதியவள், அவர் இந்த ஊர்க்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் என்னைப்போல இங்கே ஒரு அடி மண் சொந்தமில்லை.

வெள்ளிக்கிழமை காலை போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்தத் தடவை குழாயடியில் திரும்பவில்லை. வீட்டுக்கு முன்னால் ஜீப் நின்றது. பேச்சியக்கா இரண்டு மூட்டைகளைக் கட்டிவைத்துவிட்டு, காலியான அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விட்டுப் போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா, இது உங்களுக்குங்க" என்றேன்.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாங்கினார். தரையில் விரித்து மேல்பக்கத்தைத் தடவினார். பிறகு ஒரு முனையைப் பிடித்துப் புரட்டினார். நீலமும் பச்சைக் கட்டமும் மஞ்சள் பிடித்த வெள்ளையும் தெரிந்தன.

"என் சேலைய எல்லாம் அடியில வச்சிட்டீக" என்றார்.

"ஒடம்புல படுற பக்கம் அதுதானுங்க்கா. அதுதான் மெத்துன்னு இருந்துச்சு."

உண்மைதான். போர்வையில் உடம்பைத் தொடுகிற பக்கத்துக்குத்தான் பழகிய துணி வேண்டும். ஆனால் அது முழு உண்மையா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் முன்னால் எனக்கே நிச்சயமில்லாமல் போனது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கட்டிலில் மேலே தெரிவது என் சேலையாக இருக்கட்டும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். இரண்டையும் சேர்த்தே நினைத்திருப்பேன்.

"அன்னைக்குப் பூச்சின்னு சொன்னது பொய்யுங்க்கா" என்றேன். "வெறும் போசி கொடுத்ததும் தப்புங்க. மேல வெச்சனா, கீழ வெச்சனா, ஏன் வெச்சேன்னு எனக்கே சொல்லத் தெரியலீங்க. நீங்க வராம எனக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்க்கா." லயத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

பேச்சியக்கா என்னைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அங்க அடிக்க வெயிலுக்கு இத வச்சு நான் என்ன செய்ய?" என்று முனகினார். ஆனால் போர்வையை மடித்து, மூட்டைக்குள் திணிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். டிரைவர் அவசரப்படுத்தினான். திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை, ஜீப்பில் பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு ஊசியைத் தொடவே பிடிக்கவில்லை. பங்குனியில் ஒரு விசேஷத்துக்கு வடகரப்பதி போனேன். வெயில் சுள்ளென்று இருந்தது. துணி அரைமணியில் காய்ந்தது. இதற்குத்தானே ஏங்கினேன் என்று கொடியடியில் நின்றேன். என் அண்ணன் மனைவி கழித்து வைத்திருந்த பழைய சேலைகளை வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். எத்தனையோ தடவை பார்த்த காட்சி. அன்று என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே பஸ் ஏறிவிட்டேன். "மலைக்காரிக்கு நம்மூரு வெயிலு ஒத்துக்கல" என்று அண்ணன் மனைவி சொன்னாளாம்.

சித்திரையில் ஒரு மத்தியானம் போன் வந்தது. தெரியாத எண். இங்கே கோடைமழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்ததால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

"தாயி, பேச்சி பேசுதேன். அங்க மழையா? இங்க கேக்குதே!"

"ஆமாங்க்கா. எப்பிடி இருக்கீங்க?"

"என்னத்த இருக்கேன். வெயிலு மண்டையப் பொளக்கு. இங்க உள்ளவுக எனக்கு மலைக்காரின்னு பேரு வச்சிட்டாக."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மழை வலுக்க, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"இப்பிடி மத்தியானம் எல்லாரும் வேலைக்குப் போனப்புறம், கதவச் சாத்திக்கிட்டு அந்தப் போர்வையப் போத்திப் படுத்துக்கிடுதேன், தாயி. வேத்து ஊத்துது. பாத்தாக்கக் கிறுக்கின்னு சொல்லுவாக. ஆனா போத்துனாத்தான் கண்ணு அசருது."

"ஐயோ, அந்த வெயில்லயாங்க்கா?"

"ஆமா. ஒங்க சேலைப் பக்கத்தத்தான் உள்ள வச்சிப் போத்துதேன். பொய் சொல்லப்புடாது, சொரசொரன்னு குத்தத்தான் செய்யுது." மழைச் சத்தத்துக்கு மேலே அவர் மூச்சு விடுவது கேட்டது. "போத்தப் போத்தப் பழகிரும்."